உங்களுக்குத் தெரியுமா? மங்கும் எல்.இ.டி. விளக்கின் மாயாஜாலம்!

டிம்மரைத் திருகினால் எல்.இ.டி. விளக்கு மங்கலாக எரிகிறது என்றா நினைக்கிறீர்கள்? விளக்குக்குக் கரண்ட் கொடுக்கும் பல டிரைவர் சர்க்யூட்களில் அது முழுப் பிரகாசத்தில்தான் எரிகிறது! எரிந்து அணைந்து, எரிந்து அணைந்து... நொடிக்கு 1,000 தடவை!

கணக்குப் போடுங்கள். நொடிக்கு 1,000 தடவை, வெளிச்சம் 1 சதவீதம். ஒவ்வொரு தடவையும் விளக்கு எரிவது வெறும் 10 மைக்ரோநொடி. ஒரு நொடியை லட்சம் கூறு போட்டால், அதில் ஒரே ஒரு கூறு!

செல்போன் கேமராவை அந்த விளக்குக்கு நேரே பிடித்துப் பாருங்கள். திரையில் கறுப்புப் பட்டைகள் ஓடினால் குட்டு வெளிப்பட்டது!

மங்கிய விளக்கை அளந்தால் லைட் மீட்டர் 10 சதவீதம் வெளிச்சம் என்று காட்டும். உங்கள் கண்ணோ அதை ஏறக்குறைய 32 சதவீதமாக உணரும்!

12 வோல்ட்டில் ஒரேயொரு வெள்ளை எல்.இ.டி.யை ரெசிஸ்டர் வைத்து எரிக்கிறீர்களா? 100 ரூபாய் கரண்ட்டில் சுமார் 75 ரூபாய் வெறும் சூடாகப் போகிறது! நல்ல சுவிட்சிங் டிரைவரோ 90 சதவீதத்துக்கு மேல் விளக்குக்கே கொடுத்துவிடும்.

வீட்டுச் சுவரில் அடங்கும் எலெக்ட்ரானிக் டிம்மரை 1959-ல் நியூயார்க்கில் தன் வீட்டு அறையிலேயே உருவாக்கத் தொடங்கினார் ஜோயல் ஸ்பைரா. 1961-ல் அவருடைய லூட்ரான் கம்பெனியே பிறந்துவிட்டது! அந்த வகை டிம்மர் நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தை நொடிக்கு 100 தடவை வெட்டுகிறது.

குண்டு பல்புக்காகச் செய்த பழைய டிம்மர்கள் பலவற்றுக்குக் குறைந்தது 40 வாட் லோடு வேண்டும். 9 வாட் எல்.இ.டி.யை மாட்டினால்? மினுமினு!

செத்த எல்.இ.டி. பல்புகள் பலவற்றில் எல்.இ.டி. சாகவே இல்லை. போனது டிரைவர்! அதிலிருக்கும் எலெக்ட்ரோலிட்டிக் கெப்பாசிட்டருக்கு 10 டிகிரி சூடு கூடினால் ஆயுள் பாதி. 105 டிகிரியில் 5,000 மணி நேரம் தாங்குவது, 75 டிகிரியில் 40,000 மணி நேரம் தாங்கும்!

பல விளக்குகளைச் சேர்த்துக் கட்டுப்படுத்தும் 'டாலி' முறையில் இரண்டே கம்பி. அதில் 64 டிரைவர்கள், ஒவ்வொன்றுக்கும் தனி முகவரி, வெளிச்சத்தில் 254 படிகள்!

கரண்ட்டைக் குறைத்தால் எல்.இ.டி. இன்னும் சிக்கனமாகும் என்பதுதான் எனக்குப் பிடித்த அதிசயம்! 2016-ல் பிலிப்ஸ் துபாய்க்கென்றே செய்த பல்பில் எல்.இ.டி.க்கள் ஏராளம், ஒவ்வொன்றிலும் ஓடும் கரண்ட் கொஞ்சம். பலன்? வாட்டுக்கு 200 லூமென் வெளிச்சம். 60 வாட் குண்டு பல்பு இருந்த இடத்தில் வெறும் 3 வாட்!