கோடைக் காற்றும் மலைச்சரிவுத் தீயும்

நாமக்கல் ஜில்லாவில் கொல்லிமலையின் அடிவாரத்தில் அமைந்த முள்ளுக்குறிச்சியிலும் அதனைச் சூழ்ந்த கிராமங்களிலும் நிலம் வைத்திருப்போர், மாசி மாதம் தொடங்கிக் கோடை மழை பெய்யும் வரையில், மலைச்சரிவில் இரவு வேளையில் தீ வரிசையாக ஊர்ந்து செல்வதைப் பலமுறை கண்டிருப்பார்கள். அது வனத்துறையைச் சேர்ந்த காரியம், நமக்கு அதில் சம்பந்தமில்லை என்று பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் சரியன்று. காட்டுத்தீ பெரும்பாலும் மனிதர் கையிலிருந்தே புறப்படுகிறது. அதில் ஒரு பங்கு நமது வரப்பிலிருந்தும் புறப்படக்கூடும். அதனால் விளையும் நஷ்டமோ முடிவில் நமது கிணற்றையும் ஏரியையும் வந்து சேர்கிறது. ஆகையால் இதன் காரணத்தையும், தடுக்கும் வழியையும் குடியானவர்கள் அறிந்திருப்பது அவசியம்.

தீக்கு இரை சேரும் விதம்

ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் பெய்யும் மழையினால் சரிவுகளில் புல் ஆளுயரம் வளர்கிறது. தை மாதத்தில் அது முற்றிக் காய்கிறது. அதன்பின் இலையுதிர் மரங்கள் தம் இலைகளைக் கொட்டுகின்றன. உன்னிச்செடிப் புதர்களும், மூங்கிற் சருகும் இவற்றோடு சேர்ந்து, பங்குனிக்குள் மலைச்சரிவு முழுவதும் ஒரு வைக்கோற்போர் போல் ஆகிவிடுகிறது.

மழை நன்றாய்ப் பெய்த வருஷத்தில் தீப்பயம் குறையும் என்று நினைப்பது இயல்பு. உண்மை பெரும்பாலும் இதற்கு நேர்மாறானது. மழை மிகுந்தால் புல் மிகும். புல் மிகுந்தால் கோடையில் எரிபொருள் மிகும். அமெரிக்காவின் மொஹாவே பாலைவனத்தில் செடிகள் இடைவெளி விட்டு வளர்வதால் சாதாரணமாகத் தீ பரவ வழியில்லை. ஆயினும் மழை மிகுந்த ஒரு குளிர்காலத்திற்குப் பின், 2023-ஆம் வருஷம் ஜூலை மாதத்தில் அங்கே எழுந்த தீ, 90,000 ஏக்கருக்கு மேல் எரித்தது. செடிகளுக்கு இடையே மண்டியிருந்த காய்ந்த புல்லே தீ தாண்டிச் செல்லப் பாலமாயிற்று. பாலைவனத்துக்கே இக்கதியானால், புல்லும் புதரும் நிறைந்த நமது சரிவுகளைப் பற்றிச் சொல்ல வேண்டுவதில்லை.

வெயில், வறட்சி, காற்று

வெயில் மட்டும் தீயை உண்டாக்குவதில்லை. அது காற்றிலுள்ள ஈரத்தின் விகிதத்தைக் குறைக்கிறது. காய்ந்த புல்லும் சருகும் மெல்லியவையாதலால், சுற்றியுள்ள காற்று வறண்ட ஏறக்குறைய ஒரு மணி நேரத்திற்குள் தாமும் வறண்டுவிடும். விடியற்காலையில் பனி ஈரத்தால் துவண்டிருக்கும் அதே புல், நடுப்பகலில் ஒரு தீப்பொறியிலேயே பற்றிக்கொள்வது இதனாலேயே. பகல் 11 மணி முதல் மாலை 5 மணி வரையுள்ள பொழுதே மிகவும் அபாயமானது.

காற்று இரு வகையில் தீக்குத் துணையாகிறது. ஒன்று, சுவாலையைச் சாய்த்து முன்னுள்ள புல்லைச் சூடேற்றுகிறது. மற்றொன்று, எரியும் சருகைத் தூக்கிக்கொண்டு போய்த் தூரத்தில் போட்டுப் புதிய தீயை மூட்டுகிறது. இதனால் வரப்பையும் வண்டிப்பாதையையும் தீ எளிதில் தாண்டிவிடுகிறது.

சரிவின் தன்மை

மலைச்சரிவில் தீ மேல்நோக்கியே விரைந்து ஓடும். சுவாலைக்கும் மேலுள்ள புல்லுக்கும் இடைவெளி குறைவாதலால் அப்புல் முன்னதாகவே காய்ந்து எரியத் தயாராகிறது. சரிவு ஒவ்வொரு 10 டிகிரி கூடுந்தோறும் தீயின் வேகம் ஏறக்குறைய இரு மடங்காகும் என்பது தீயணைப்போர் கைக்கொள்ளும் கணக்கு. மேலும், பகலில் வெயிலால் சூடேறிய காற்று அடிவாரத்திலிருந்து மலைமேல் ஏறுகிறது. இரவில் குளிர்ந்த காற்று மலையிலிருந்து கீழே இறங்குகிறது. ஆகவே ஒரு பட்டாதாரர் அடிவாரத்துக் காட்டில் மக்காச்சோளத் தட்டையை நடுப்பகலில் கொளுத்தினாரென்று வைத்துக்கொண்டால், அத்தீயை மலைக்கு அனுப்பக் காற்றும் சரிவும் ஆயத்தமாக நிற்கின்றன. மாலையில் தீ அணைந்ததென்று அவர் வீடு திரும்பினாலும், புகைந்துகொண்டிருக்கும் கட்டையிலிருந்து பறக்கும் பொறியை இரவுக்காற்று ஊர்ப்பக்கம் கொண்டுவரக்கூடும்.

இதன் கொடுமையைத் தேனி ஜில்லா குரங்கணி மலையில் 2018-ஆம் வருஷம் மார்ச்சு 11-ஆம் தேதி கண்டோம். மலையேறச் சென்றிருந்தவர்கள் காய்ந்த புற்சரிவில் தீக்கு நடுவே அகப்பட்டனர். 20 பேருக்கு மேல் உயிரிழந்தனர். சரிவில் மேல்நோக்கி வரும் தீயை ஓடி வெல்ல முடியாது என்பதை மேய்ப்பவர்களும், தேனெடுப்பவர்களும், விறகுக்குச் செல்பவர்களும் மனத்திற் கொள்ள வேண்டும்.

எரிப்பதால் லாபம் உண்டா?

சாம்பல் நல்ல உரமென்றும், தீயிட்டால் புதுப்புல் தழைக்குமென்றும் சொல்வதுண்டு. தட்டையையும் தோகையையும் எரிக்கையில் அவற்றிலுள்ள தழைச்சத்தில் பெரும்பகுதி புகையோடு போய்விடுகிறது. சாம்பலில் எஞ்சும் சாம்பல் சத்தையும், சரிவான நிலத்தில் முதல் மழையே கழுவிச் செல்கிறது. புதுப்புல் முளைப்பது மெய்தான். ஆனால் அடுத்தடுத்து எரியும் சரிவில் மரக்கன்றுகள் மடிந்து, மேல்மண் போர்வையிழந்து நிற்கும். பின்னர் பெய்யும் மழை பூமிக்குள் இறங்காமல் ஓடைவழியே விரைந்தோடி, ஏரியில் வண்டலைச் சேர்க்கும்; கிணற்றில் ஊற்றுக் குறையும். சில கூலியாட்களின் சம்பளத்தை மிச்சப்படுத்த எண்ணிச் செய்யும் காரியம் இவ்வளவு நஷ்டத்துக்கு இடமாகிறது.

நிலம் வைத்திருப்போர் செய்ய வேண்டியவை

1. கரும்புத் தோகையைப் பார்களின் இடையே பரப்பலாம். மக்காச்சோளத் தட்டையைத் துண்டித்து மாட்டுக்கு இடலாம். எஞ்சிய குப்பையைச் சாணத்துடன் குழியிலிட்டு மக்கவைத்தால், அடுத்த மரவள்ளிப் பயிருக்கு எருவாகும்.

2. காட்டை ஒட்டிய நிலத்தின் எல்லையில், தை மாதத்திற்குள் 10 அடிக்குக் குறையாத அகலத்தில் புல்லையும் சருகையும் செதுக்கி, வெறும் மண் தெரியும்படி வைக்க வேண்டும். வைக்கோற்போரும் மாட்டுக்கொட்டகையும் இவ்வெல்லையை ஒட்டி இருத்தலாகாது.

3. நோயுற்ற பயிரை எரித்தே தீரவேண்டுமாயின், முன்னதாக வனத்துறையினருக்குத் தெரிவித்து, காட்டெல்லைக்கு வெகு தூரத்தில், காற்றில்லாத விடியற்காலையில், சிறு குவியல்களாக எரிக்க வேண்டும். தண்ணீரும், பச்சைத் தழையும், நாலு ஆட்களும் அருகில் இருக்கவேண்டும். சாம்பலைக் கிளறித் தண்ணீர் ஊற்றி, சூடு முற்றிலும் ஆறிய பின்னரே இடத்தை விட்டு அகலலாம்.

4. ஒரு கைப்பிடிச் சருகைக் கசக்கினால் பொடியாக உதிர்வதும், புழுதி எழும்பிப் பறப்பதும் ஒரே நாளில் காணப்பட்டால், அன்று எக்காரணத்தைக் கொண்டும் தீ மூட்டலாகாது. பீடித் துண்டும் இதில் அடங்கும்.

கிராம உத்தியோகஸ்தர்கள் கவனத்திற்கு

முன்னாளில் தண்டோரா மூலம் செய்த எச்சரிக்கையை, இப்போது கிராம நிர்வாக அலுவலர்களும் ஊராட்சித் தலைவர்களும் ஒலிபெருக்கியால் தை மாதத்திலேயே செய்யலாம். ஒதுக்குக் காட்டில் தீ வைப்பதும், அதற்கு அபாயம் நேரும்படி தீ மூட்டுவதும் 1882-ஆம் வருஷத்து வனச் சட்டப்படி குற்றமென்பதை ஜனங்களுக்கு எடுத்துச் சொல்ல வேண்டும். இந்திய வனக் கணக்கெடுப்பு நிறுவனம் செயற்கைக்கோள் மூலம் தீயைக் கண்டு செய்தி அனுப்புகிறது. ஆயினும் செயற்கைக்கோள் நம் மலைக்கு மேலே வரும் வரையில் தீ காத்திராது. புகையை முதலில் காண்பவன் அடிவாரத்துக் குடியானவனே. அவன் உடனே வனத்துறையினருக்கும் 101 என்ற தீயணைப்பு எண்ணுக்கும் தெரிவிப்பானாயின், ஒரு குடம் தண்ணீரில் முடிவது ஒரு மலையளவு ஆகாமற் போகும்.

வெயிலையும் காற்றையும் நாம் நிறுத்த இயலாது. தீக்குச்சி நம் கையில் இருக்கிறது. பங்குனி, சித்திரை இரண்டு மாதங்கள் மட்டும் அதனை அடக்கி வைத்திருந்தால், மலையும் அதன் நீரும் நமக்கு மிஞ்சும்.