முதலில் லைன், அப்புறம் ராடு

ஸ்டீல்ஹெட் பிடிக்க எந்த ஃபிளை ராடு வாங்கலாம் என்று கேட்பவர்கள் பெரும்பாலும் மீனின் எடையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். எட்டு, பத்து பவுண்டு மீன், அதற்கு இத்தனாம் நம்பர் ராடு என்று ஒரு கணக்கு. அந்தக் கணக்கைக் கொஞ்சம் ஓரமாக வைப்போம். குளிர்காலத்தில் ராடைத் தீர்மானிப்பது தண்ணீரின் குளிர்தான்.

ஸ்டீல்ஹெட் வேறொன்றும் இல்லை, கடலுக்குப் போய்த் திரும்புகிற ரெயின்போ டிரவுட். நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம் வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டார்களே, அதே இனம். அங்கே அது ஓடைக்குள்ளேயே காலம் தள்ளுகிறது. அமெரிக்காவின் வடமேற்கிலோ ஆற்றில் பிறந்து, பசிபிக்கில் தின்று கொழுத்து, முட்டையிட ஆற்றுக்கே திரும்பும். வாஷிங்டன் மாநிலத்து ஸ்காஜிட், சாக், ஹோ ஆறுகளில் டிசம்பர் முதல் ஏப்ரல் வரை ஏறி வருவது குளிர்கால ரகம்.

அப்போது ஆற்றுநீர் 4, 5 டிகிரி செல்சியஸில் இருக்கும். மீனின் உடம்பும் அதே குளிரில்தான். கோடையில் வருகிற ஸ்டீல்ஹெட் மேலாகப் போகும் ஃபிளையைத் துரத்தி வரும், இது அசையாது. ஆள் நடக்கும் வேகத்தில் ஓடும் நீரில், கல்லோரம், அடியில் கிடக்கும். மூக்குக்கு எதிரே ஏதாவது மெதுவாகப் போனால் வாயைத் திறக்கலாம். திறக்காமலும் இருக்கலாம்.

அதனால் ஃபிளை பெரிதாக இருக்க வேண்டும்: மாராபூவும் நெருப்புக்கோழி இறகும் கட்டிய மூன்று அங்குலச் சமாச்சாரம். அதை அடிக்குக் கொண்டுபோக லைனின் முனையில் மூழ்கும் துண்டு ஒன்று. டி-8, டி-11, டி-14 என்று விற்பார்கள். அந்த எண், ஓர் அடி நீளம் எத்தனை கிரெயின் எடை என்பதைச் சொல்கிறது. டி-14 நொடிக்குச் சுமார் 20 சென்டிமீட்டர் இறங்கும். நனைந்த இறகையும் இந்தக் கனத்தையும் ஆற்றின் குறுக்கே எறிய வேண்டும். திரும்பிப் பார்த்தால் ஆல்டரும் சிடாரும் தண்ணீர் வரை நெருக்கிக்கொண்டு நிற்கும். லைனைப் பின்னால் வீச இடமே கிடையாது.

ஸ்காட்லாந்தின் ஸ்பே ஆற்றில் சால்மன் பிடித்தவர்களுக்கும் இதே இக்கட்டுதான். இரண்டு கையாலும் பிடிக்கும் நீள ராடில், லைனைப் பின்னால் முழுக்க நீளவிடாமல் எறியும் முறை அங்கே வளர்ந்தது. 1990களில் ஸ்காஜிட் ஆற்றுக்காரர்கள் அதைக் குளிர்காலத்துக்குத் தோதாக மாற்றினார்கள்: லைனைக் குறுக்கி, கனம் முழுவதையும் 20, 25 அடிக்குள் திணித்தார்கள். அதுதான் ஸ்காஜிட் ஹெட்.

எறிவதைப் பக்கத்தில் நின்று பார்த்தால் ராடின் வேலை புரிந்துவிடும். லைன் கீழ்நீரில் நீண்டு கிடக்கிறது. ராடை மெதுவாக உயர்த்தினால் மூழ்கிய துண்டு மேலே வழுக்கி வரும். எறிபவர் ராடை மேல்நீர்ப் பக்கம் கொண்டுபோய், நுனி மட்டும் கீழ்ப்பக்கம் கிடக்கும்படி லைனை முன்னால் கிடத்துகிறார். பிறகு கீழ்ப்பக்கமாகவே ராடைச் சுற்றிப் பின்னால் கொண்டுவருகிறார். நுனியைத் தண்ணீர் விடமாட்டேன் என்று பிடிக்கிறது. அந்தப் பிடியில் ராடு அடிவரை வளைகிறது. மேல்கை தள்ள, கீழ்க்கை வயிற்றை நோக்கி இழுக்க, லைன் போய்விடுகிறது. பலம் பெரும்பாலும் கீழ்க்கையில்தான். புதியவர்கள் மேல்கையால் மல்லுக்கட்டித் தோள் வலியோடு வீடு திரும்புவார்கள்.

இதற்கு 13 அடி நீள, 7 அல்லது 8 நம்பர் இரு கை ராடு சரியாக இருக்கும். சின்ன ஆறென்றால் பன்னிரண்டரை போதும். 15 அடி ராடு படத்தில் கம்பீரமாக இருக்கும். குட்டையான ஹெட்டுக்கு அது வீண். நுனி மட்டும் வளையும் விறைப்பான ராடும் வேண்டாம். தடித்த கோட்டும் மரத்த விரலுமாக நிற்கும் காலையில், நம்மை அவசரப்படுத்தாமல் அடிவரை வளைந்து கொடுக்கிற ராடுதான் உதவும்.

நம்பரில் ஒரு சூது இருக்கிறது. ஒரு கை ராடில் 8 நம்பர் என்றால், லைனின் முதல் 30 அடி 210 கிரெயின். 14 கிராம்கூட இல்லை. இரு கை 8 நம்பரோ 550, 600 கிரெயின் ஹெட்டை எறியும். 35 கிராமுக்கு மேல். நம்பர் அதேதான், சுமை இரண்டரை மடங்குக்கு மேல். பழைய 8 நம்பர் லைனை இதில் மாட்டினால் ராடு வளையவே வளையாது. பல ராடுகளில் கைப்பிடிக்கு மேலேயே கிரெயின் அளவு எழுதியிருக்கும். ஆற்றின் ஆழம் பார்த்து மூழ்கும் துண்டு, அதைத் தூக்கும் ஹெட், அந்த ஹெட்டுக்கு ராடு என்று வாங்குங்கள்.

கடையில் ராடை எடுத்து ஆட்டிப் பார்ப்பதில் ஒன்றும் தெரியாது, நுனிதான் ஆடும். ஆற்றங்கரையில் எறிந்து பார்க்கக் கொடுக்கிற கடைகள் வாஷிங்டனில் உண்டு, அங்கே போங்கள். ஆயிரம் டாலருக்கு மேலும் ராடு விற்கிறது. பொருத்தமான ஹெட்டோடு பாதி விலை ராடு கிடைத்தால் நான் அதைத்தான் எடுப்பேன். ரீல் சற்றுக் கனமாகவே இருக்கட்டும், நீள ராடின் முன்கனத்தை அது சமன் செய்யும்.

ஏழா எட்டா என்று இழுபறி வந்தால் எட்டுக்கே என் ஓட்டு. மீனைச் சீக்கிரம் கரைக்குக் கொண்டுவந்து விட்டுவிடலாம். பியூஜெட் சவுண்டில் சேரும் ஆறுகளின் ஸ்டீல்ஹெட் 2007இலிருந்து அமெரிக்க அரசின் ஆபத்துப் பட்டியலில் இருக்கிறது. முதுகில் வால் பக்கத்துச் சின்னத் துடுப்பு முழுதாக இருந்தால் காட்டுமீன். பண்ணைக் குஞ்சுகளுக்கு அதை நறுக்கித்தான் விடுவார்கள். வாஷிங்டனில் காட்டு ஸ்டீல்ஹெட்டைத் தண்ணீரை விட்டு முழுதாகத் தூக்குவதே சட்டப்படி தப்பு. வரத்து குறைந்த வருஷங்களில் சில ஆறுகளைத் திறப்பதே இல்லை. ராடுக்குப் பணம் கட்டும் முன் மாநில மீன்வளத் துறையின் அறிவிப்பை ஒரு தடவை பார்த்துவிடுங்கள்.