முள் பொய் சொன்னால்...

சென்னையில் 1961 முதல் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டு, மும்பையில் உருவான பிரீமியர் பத்மினி, 2014-இல் உற்பத்தி நின்றுபோன அம்பாசடர் - இவற்றில் ஒன்றைப் பிரிய மனமில்லாமல் வைத்திருக்கும் அன்பர்கள் நம்மிடையே உண்டு. அவர்களின் வழக்கமான குறை: "டாங்க் நிரப்பினாலும் முள் பாதியில் நிற்கிறது", "கிளம்பிய சிறிது நேரத்தில் டெம்பரேச்சர் முள் சிவப்புக்குப் போகிறது".

உடனே மீட்டரை மாற்ற வேண்டாம். பழைய வண்டிக்கு அசல் மீட்டர் கிடைப்பது குதிரைக்கொம்பு. பல சமயம் பழுது அதில் இருப்பதும் இல்லை.

மின்சார ரயிலுக்கு மின்சாரம் மேல்கம்பியில் வந்து தண்டவாளம் வழியே திரும்புகிறது. காரில் வண்டியின் உடலே அந்தத் தண்டவாளம். இதைத்தான் 'எர்த்' என்கிறோம். புனே மழையில் நான்கு மாதம் நனைந்து துரு ஏறினால் இந்தத் திரும்பும் பாதைதான் முதலில் கெடும். ஆகவே கீழ்க்கண்ட வரிசையில் சோதியுங்கள்.

1. சாவியைத் திருப்பியதும் முள் மெதுவாக ஏறினால் அது சூட்டில் வளையும் இரட்டை உலோகத் தகடு வகை. சட்டென்று குதித்தால் சுருள் வகை.

2. தகடு வகையில் பெட்ரோல், டெம்பரேச்சர் இரண்டு முள்களும் சேர்ந்து அதிகம் காட்டினால், டாஷ்போர்டுக்குப் பின்னால் உள்ள வோல்டேஜ் ஸ்டெபிலைசரைப் பாருங்கள். 12 வோல்ட்டை விட்டுவிட்டு அனுப்பிச் சராசரி 10 வோல்ட் ஆக்குவது அதன் வேலை. அதன் எர்த் விட்டுப்போனால் முழு வோல்ட்டும் மீட்டருக்குப் போய்விடும். இரண்டும் அசையாவிட்டால் முதலில் ஃபியூஸைப் பாருங்கள்.

3. பெட்ரோல் முள் மட்டும் தவறினால், சாவியை அணைத்து, டாங்க் யூனிட்டின் உலோகத்துக்கும் வண்டி உடலுக்கும் இடையே மல்டிமீட்டரால் அளவெடுங்கள். ஓம் அளவு ஏறக்குறைய பூஜ்யமாக இருக்க வேண்டும். இல்லையென்றால் எர்த் பழுது. தகடு வகையில் இது பெட்ரோலைக் குறைத்துக் காட்டும். பழைய சுருள் வகை சிலவற்றிலோ கூட்டிக் காட்டும். பெட்ரோல் இருப்பதாக நம்பி நடுவழியில் நிற்க நேரும்.

4. தகடு வகையில் டெம்பரேச்சர் முள் மட்டும் உயர்ந்தால், எஞ்சின் ஆறியபின் முதலில் ரேடியேட்டரில் தண்ணீர் பாருங்கள். சரியாக இருந்தால், எஞ்சினில் உள்ள சென்சாரின் வயரைக் கழற்றிச் சாவியைப் போடுங்கள். முள் குளிர்ச்சிப் பக்கமே நிற்க வேண்டும். அப்போதும் ஏறினால் வயர் எங்கோ உரசி உடலைத் தொடுகிறது. ஏறாவிட்டால் சென்சாரைச் சோதியுங்கள்.

கசிவைத் தடுக்கச் சென்சாரில் டெஃப்லான் டேப்பை அதிகம் சுற்றினால் எர்த் கெட்டு முள் குறைத்துக் காட்டக்கூடும். இதுவே மிக ஆபத்தான பொய். குடும்பத்தோடு காத்ரஜ் அல்லது கண்டாலா மலைப்பாதை ஏறும்போது எஞ்சின் கொதிப்பது தெரியாமல் போனால் ஹெட் காஸ்கெட் போய்விடும்.

டாங்க் அருகே வேலை செய்யுமுன் பேட்டரி இணைப்பைக் கழற்றுங்கள். திறந்த வெளியில் செய்யுங்கள். அங்கே வயரை உரசிப் பொறி பறக்கவிட்டுச் சோதிப்பது கூடவே கூடாது. துருவை உப்புத்தாளால் தேய்த்து, திருகை இறுக்கி, மேலே சிறிது கிரீஸ் தடவினால் ஈரம் எளிதில் அண்டாது.

புதவார் பேட்டையில் ஒரு சாதாரண மல்டிமீட்டர் வாங்கி வையுங்கள். பழுது தீரும்வரை முள்ளை நம்பாமல், டாங்க் நிரப்பிய அன்று கிலோமீட்டரைக் குறித்துக்கொண்டு ஓட்டுங்கள்.