கிழிந்த ஜவ்வோடு இரண்டு ஷாட்... 941 நாள் காத்திருந்த க்ளே தாம்ஸன்!

2019 ஜூன் 13. அமெரிக்காவின் ஓக்லண்ட் நகரில் இருக்கும் ஆரக்கிள் அரங்கம். என்.பி.ஏ. கூடைப்பந்து இறுதிச்சுற்றின் ஆறாவது ஆட்டம். மூன்றாவது கால் பகுதி முடிய இன்னும் இரண்டரை நிமிடம்கூட இல்லை. கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸ் வீரர் க்ளே தாம்ஸன் பந்தோடு ஓடிவந்து, கூடையில் அடித்து இறக்க எகிறினார். டொரன்டோ ராப்டர்ஸ் அணியின் டேனி கிரீன் தடுக்கப் பாய்ந்தார். தாம்ஸன் தரையிறங்கியபோது இடது கால் கோணலாக ஊன்றியது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தார்.

அரங்கமே மௌனமானது. இரண்டு பேர் தோள்கொடுக்க, உடைமாற்றும் அறையை நோக்கி அழைத்துச் சென்றார்கள். அவ்வளவுதான், இனி வர மாட்டார் என்று எல்லோரும் நினைத்தபோது, தாம்ஸன் திரும்பி நடந்து வந்தார். கூட்டம் கூரை பிய்யும் அளவுக்குக் கத்தியது.

ஏன் வந்தார்? விதி அப்படி. ஃபவுலுக்கு ஈடாகக் கிடைத்த இரண்டு ஃப்ரீ த்ரோக்களையும் அவரே எறிய வேண்டும். எறியாமல் போய்விட்டால் அந்த ஆட்டத்தில் மறுபடி களமிறங்க முடியாது. அவருக்கோ இன்னும் ஆட வேண்டும். கோட்டில் நின்றார். முதல் பந்து உள்ளே. இரண்டாவதும் உள்ளே. அதற்குப் பிறகு சில நொடிகளில் அவரை வெளியே அழைத்துக்கொண்டார்கள். அப்போதும், இரண்டு நிமிடம் ஓய்வு கொடுத்தால் போதும், தயாராகிவிடுவேன் என்றுதான் பயிற்சியாளர் ஸ்டீவ் கெரிடம் சொன்னாராம்.

ஸ்கேன் வேறு கதை சொன்னது. இடது முழங்காலின் ஏ.சி.எல். கிழிந்திருந்தது. நம் ஊரில் ‘மூட்டு ஜவ்வு கிழிஞ்சிருச்சு’ என்பார்களே, அதே ஜவ்வு. அதோடு நின்றுதான் அந்த இரண்டு பந்துகளையும் போட்டிருக்கிறார் மனிதர்!

அன்று வெளியேறும்போது அவர் கணக்கில் 30 புள்ளிகள். வாரியர்ஸ் முன்னிலையில் இருந்தது. கடைசியில் 114-110 என்று தோற்றது. டொரன்டோவுக்கு முதல் சாம்பியன் பட்டம். ஆரக்கிள் அரங்கத்தில் வாரியர்ஸ் ஆடிய கடைசி ஆட்டமும் அதுதான். அடுத்த சீசனில் அணி வளைகுடாவைத் தாண்டி சான் ஃபிரான்சிஸ்கோவின் புது அரங்கத்துக்குக் குடிபோனது.

பந்தைத் தட்டாத வீரர்

கூடைப்பந்து அதிகம் பார்க்காதவர்களுக்கு ஓர் அறிமுகம். தாம்ஸனின் அப்பா மைக்கல் தாம்ஸன், பஹாமாஸில் பிறந்து, 1978-ல் என்.பி.ஏ. தேர்வில் முதல் ஆளாக எடுக்கப்பட்டவர். லேக்கர்ஸ் அணியோடு இரண்டு முறை சாம்பியன் ஆனவர். மகனுடைய பாணி விசித்திரமானது. பெரிய நட்சத்திரங்கள் பந்தைத் தட்டித் தட்டி, எதிராளியை ஏமாற்றி, பிறகுதான் எறிவார்கள். இவருக்கு அந்த வேலையே கிடையாது. ஓடுவார், பந்து வரும், எறிவார். 2016 டிசம்பரில் இண்டியானா அணிக்கு எதிராக 29 நிமிடங்களில் 60 புள்ளிகள் எடுத்தார். அந்த ஆட்டம் முழுக்க அவர் பந்தைத் தரையில் தட்டியது 11 முறைதான்! அதற்கு முந்தைய ஆண்டு ஒரே கால் பகுதியில், அதாவது 12 நிமிடங்களுக்குள், 37 புள்ளிகள் எடுத்து சாதனை படைத்திருந்தார்.

இப்படி ஆடுகிறவருக்குக் கால்தான் மூலதனம். திரைபோல நிற்கும் ஆட்களைச் சுற்றி ஓயாமல் ஓடி, சட்டென நின்று, எகிற வேண்டும். நிற்பதும் திரும்புவதும் முழங்கால் ஜவ்வின் வேலை. எகிறுவது குதிகால் நாரின் வேலை. இரண்டும் போனால்? அதுதான் நடந்தது. ஆனால், அதற்கு மூன்று நாள் பின்னே போக வேண்டும்.

டொரன்டோவில் விழுந்தவர்

அந்த இறுதிச்சுற்றில் தாம்ஸன் இரண்டாவது பலி. முதல் ஆள், கெவின் டுரன்ட்.

2019 மே 8-ம் தேதி ஹூஸ்டனுக்கு எதிரான ஆட்டத்தில் டுரன்ட்டின் வலது கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டது. ஒரு மாதம் வெளியே உட்கார்ந்தார். அவர் இல்லாமலேயே வாரியர்ஸ் ஹூஸ்டனை அனுப்பிவைத்தது, போர்ட்லாண்டை 4-0 என்று துடைத்தது. ஆனால், இறுதிச்சுற்றில் டொரன்டோ 3-1 என்று ஏறி நின்றது. இன்னும் ஓர் ஆட்டம் தோற்றால் முடிந்தது. ஜூன் 10, ஐந்தாவது ஆட்டம். டுரன்ட் களமிறங்கினார்.

12 நிமிடங்கள் ஆடினார். 11 புள்ளிகள். எறிந்த மூன்று த்ரீ பாயின்டர்களும் உள்ளே. இரண்டாவது கால் பகுதியில் பந்தைத் தட்டிக்கொண்டு ஒரு அடி எடுத்து வைத்தார். யாரும் இடிக்கவில்லை, தள்ளவில்லை. நின்றார், உட்கார்ந்தார், வலது குதிகாலுக்கு மேலே கையை வைத்தார். விஷயம் தெரிந்தவர்களுக்கு அந்தக் கை போன இடமே போதுமானதாக இருந்தது. குதிகால் நார் அறுந்துவிட்டது. அக்கிலீஸ் என்கிறார்கள் அதை.

டொரன்டோ ரசிகர்களில் ஒரு பகுதி கைதட்டியது. அழகில்லாத காட்சி. ராப்டர்ஸ் வீரர்களே கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார்கள். பிறகு அதே கூட்டம் டுரன்ட் பெயரைச் சொல்லி வழியனுப்பியது.

அந்த ஆட்டத்தை வாரியர்ஸ் 106-105 என்று வென்றது. யாருக்கும் சந்தோஷம் இல்லை. பத்திரிகையாளர்கள் முன்னால் வந்த அணியின் மேலாளர் பாப் மையர்ஸ் அழுதேவிட்டார். யாரையாவது குறை சொல்ல வேண்டுமென்றால் என்னைச் சொல்லுங்கள் என்றார். இதைவிட மோசமாக எதுவும் ஆகாது, அதிகபட்சம் கெண்டைக்கால் சதை மறுபடி இழுத்துக்கொள்ளும் என்றுதான் தங்களுக்குச் சொல்லப்பட்டது என்று கெர் பின்னர் விளக்கினார்.

அந்த நார் எங்கே இருக்கிறது என்பதை யாரும் இப்போதே தொட்டுப் பார்க்கலாம். குதிகாலுக்கு மேலே, பின்பக்கம், முறுக்கிய கயிறு மாதிரி. மேலே கெண்டைக்கால் சதையையும் கீழே குதிகால் எலும்பையும் இணைப்பது அதுதான். அறுந்தவர்கள் பலர் சொல்வது ஒரே மாதிரி இருக்கும்: பின்னாலிருந்து யாரோ உதைத்தது போல இருந்தது, திரும்பிப் பார்த்தால் யாருமில்லை. 2013-ல் கோபி பிரையன்ட்டுக்கு அறுந்தபோது அவரும் எதிரணி வீரர் உதைத்துவிட்டதாகத்தான் நினைத்தார். அவரும் அப்படியே நின்று இரண்டு ஃப்ரீ த்ரோக்களைப் போட்டுவிட்டுத்தான் போனார். அப்போது அவருக்கு 34 வயது. பழைய பிரையன்ட் பிறகு திரும்பவே இல்லை. 1992-ல் இதே காயத்திலிருந்து மீண்டு, அடுத்த சீசனில் ஆட்டத்துக்கு ஏறக்குறைய 30 புள்ளிகள் எடுத்த டாமினிக் வில்கின்ஸை விதிவிலக்கு என்றுதான் சொல்வார்கள்.

டுரன்ட் இன்னொரு விதிவிலக்கு. புரூக்ளின் அணி, அடுத்த சீசன் முழுக்க ஆட மாட்டார் என்று தெரிந்தே நான்கு ஆண்டுகளுக்கு 164 மில்லியன் டாலர் கொடுத்து அவரை எடுத்தது. வீண் போகவில்லை. 2021 ப்ளே-ஆஃபில் மில்வாக்கிக்கு எதிராக ஒரு நிமிடம்கூட வெளியே உட்காராமல் 48 நிமிடங்கள் ஆடி 49 புள்ளிகள் எடுத்தார்.

ஆறு ஆண்டு கழித்து அதே கேள்வி

பாதிக் காலோடு ஒருவரை இறக்கலாமா? 2019-ல் எழுந்த இந்தக் கேள்வி 2025-ல் அச்சு அசலாகத் திரும்பி வந்தது. இண்டியானா பேசர்ஸ் அணியின் டைரீஸ் ஹாலிபர்ட்டனுக்கு, ஓக்லஹோமா சிட்டியோடு நடந்த இறுதிச்சுற்றின் ஐந்தாவது ஆட்டத்தில் வலது கெண்டைக்கால் சதை இழுத்துக்கொண்டது. ஆறாவது ஆட்டத்தில் ஆடினார், அணி வென்று 3-3 ஆனது. ஜூன் 22, ஏழாவது ஆட்டம். தொடங்கியதுமே மூன்று த்ரீ பாயின்டர்கள், 9 புள்ளிகள். முதல் கால் பகுதி முடிவதற்குள்ளேயே தரையில் விழுந்து கையால் தரையை ஓங்கி ஓங்கி அடித்தார். வலது குதிகால் நார்! இண்டியானா 103-91 என்று தோற்றது.

அந்த ஒரு ப்ளே-ஆஃபில் மட்டும் டேமியன் லில்லார்ட், ஜேசன் டேட்டம், ஹாலிபர்ட்டன் என மூவருக்கு இதே நார் அறுந்தது. மூவருடைய சட்டை எண்ணும் பூஜ்யம் என்பதை ரசிகர்கள் திகிலோடு பேசிக்கொண்டார்கள். எண்ணில் ஒன்றுமில்லை. ஆனால், 82 லீக் ஆட்டங்கள், அதற்குமேல் இரண்டு மாத ப்ளே-ஆஃப் என்ற கணக்கில் நிறையவே இருக்கிறது. முக்கிய வீரர்களுக்கு அவ்வப்போது ஓய்வு கொடுப்பது ஒரு வழி. 2019-ல் டொரன்டோ, கவாய் லெனார்டை லீக் சுற்றில் 60 ஆட்டங்கள்தான் ஆடவிட்டது. முந்தைய சீசனில் தொடைக் காயத்தால் 9 ஆட்டங்களே ஆடியவர் அவர். இறுதிச்சுற்றின் சிறந்த வீரர் விருது அவருக்குத்தான் போனது. ஆனால், காசு கொடுத்து டிக்கெட் வாங்கியவர் நட்சத்திரம் கோட் போட்டு உட்கார்ந்திருப்பதைப் பார்க்கவா வருகிறார்? அந்த எரிச்சலும் சேர்ந்து, 2023-24 சீசன் முதல் பெரிய விருதுகளுக்கு 65 ஆட்டமாவது ஆடியிருக்க வேண்டும் என்று என்.பி.ஏ. விதி கொண்டுவந்தது. உடம்பு ஒரு பக்கம் இழுக்கிறது, விருது மறுபக்கம்.

ஹாலிபர்ட்டனைக் கேட்டால், மறுபடியும் ஆடியிருப்பேன் என்றே எழுதினார். அவர் வயதில், ஏழாவது ஆட்டத்தில், வேறு யாராவது வேறு பதில் சொல்வார்களா என்ன!

இரண்டாவது இடி

தாம்ஸனிடம் வருவோம். ஜவ்வு கிழிந்த சில வாரங்களிலேயே வாரியர்ஸ் அவரோடு ஐந்து ஆண்டுகளுக்கு 190 மில்லியன் டாலர் ஒப்பந்தம் போட்டது. ஒரு சீசன் போகும், பரவாயில்லை என்பது கணக்கு. அந்த சீசனில் ஸ்டெஃப் கரிக்கும் இடது கை உடைந்தது. டுரன்ட் போய்விட்டார். தொடர்ந்து ஐந்து முறை இறுதிச்சுற்றுக்குப் போன அணி, 15 வெற்றி, 50 தோல்வி என்று லீக்கின் அடிமட்டத்துக்கு இறங்கியது.

கடைசி இடங்களில் வரும் அணிகளுக்கு ஓர் ஆறுதல் உண்டு. புது வீரர்கள் தேர்வில் முன்வரிசை கிடைக்கும். வாரியர்ஸுக்கு இரண்டாவது வாய்ப்பு. தேர்வு நாள், 2020 நவம்பர் 18. அன்றைக்குத்தான் தெற்கு கலிஃபோர்னியாவில் பயிற்சி ஆட்டத்தில் தாம்ஸனின் வலது குதிகால் நார் அறுந்தது. இடது முழங்கால் தேறி, திரும்பி வர வேண்டிய நேரத்தில் வலது கால்!

மறுபடி அறுவை சிகிச்சை. மறுபடி நடை பழகுதல். மறுபடி ஒரு சீசன் முழுக்க ஓரத்தில். ஒரு படகு வாங்கி சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் ஓட்டினார். ராக்கோ என்ற புல்டாக் துணை. வீடியோக்களைப் பார்த்தவர்களுக்கு ஜாலியான ஆள் என்று தோன்றியது. 2021 நவம்பரில் ஒரு நாள், அணி வென்ற பிறகு எல்லோரும் போய்விட, தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு பெஞ்சிலேயே நெடுநேரம் உட்கார்ந்திருந்தார். படகு வீடியோக்கள் சொல்லாததை அந்தத் துண்டு சொன்னது.

2022 ஜனவரி 9. க்ளீவ்லாந்துக்கு எதிரான ஆட்டம். 941 நாட்களுக்குப் பிறகு தாம்ஸன் பெயர் தொடக்க ஐந்தில் அறிவிக்கப்பட்டது. அன்று நண்பர் டிரேமண்ட் கிரீனுக்குக் கெண்டைக்கால் சரியில்லை. ஆனாலும், இவன் திரும்பி வரும்போது நான் பக்கத்தில் நிற்க வேண்டும் என்று களமிறங்கி, ஆட்டம் தொடங்கிய சில நொடிகளில் வேண்டுமென்றே ஃபவுல் செய்துவிட்டு வெளியேறினார். நட்புக்கு இப்படியும் ஒரு கணக்கு!

தாம்ஸன் முதல் நிமிடத்திலேயே புள்ளி எடுத்தார். பிறகு, யாரும் எதிர்பார்க்காத ஒன்று. நடுவே புகுந்து, ஆட்களுக்கு மேலே எகிறி, ஒரு கையால் டங்க். 2019-ல் இப்படி ஒரு டங்குக்கு எகிறியபோதுதான் ஜவ்வு கிழிந்தது. மொத்தம் 17 புள்ளிகள், வாரியர்ஸ் வெற்றி. அதே சீசனில் மெம்ஃபிஸுக்கு எதிரான ஆறாவது ஆட்டத்தில் எட்டு த்ரீ பாயின்டர்களோடு 30 புள்ளிகள் எடுத்தார். ஜூன் 16-ம் தேதி பாஸ்டனை வீழ்த்தி வாரியர்ஸ் மீண்டும் சாம்பியன்.

சினிமாவாக இருந்தால் இங்கே ‘வணக்கம்’ போட்டிருப்பார்கள். ஆனால், கால்கள் பழையபடி ஆகவில்லை. எறிதல் இருந்தது, 2022-23 சீசனில் 301 த்ரீ பாயின்டர்கள், லீக்கிலேயே அதிகம். எதிரணியின் வேகமான ஆளை மடக்கிப் பிடிக்கும் அந்தப் பழைய பக்கவாட்டு ஓட்டம்தான் இல்லை. அதைப் பற்றி அவர் அதிகம் புகார் சொன்னதில்லை. 2024 ஏப்ரலில் சாக்ரமென்டோவுக்கு எதிரான ஆட்டத்தில் 10 முறை எறிந்து ஒன்றுகூட விழவில்லை. பூஜ்யம். வாரியர்ஸ் சட்டையில் அதுவே கடைசி ஆட்டம். கோடையில் டல்லாஸ் போய்விட்டார்.

2024 நவம்பர் 12-ம் தேதி, எதிரணி வீரராக சான் ஃபிரான்சிஸ்கோவுக்கு வந்தார். அவர் உள்ளே நுழையும் வழியில் இருபுறமும் வாரியர்ஸ் ஊழியர்கள் நின்றிருந்தார்கள். எல்லோர் தலையிலும் படகோட்டும் கேப்டன் தொப்பி. அரங்கத்தில் ரசிகர்களுக்கும் அதே தொப்பி. தாம்ஸன் அன்று ஆறு த்ரீ பாயின்டர்கள் போட்டார், 22 புள்ளிகள். கரி 37 புள்ளிகள் எடுத்தார். வாரியர்ஸ் 120-117 என்று வென்றது.