உறை ஊற்றிய பெயர்

பெக்கான் நானாஸில் நம்மவர் ஒருவரின் ஐசியைப் பாருங்கள். சொந்தப் பெயர், நடுவில் ஏ/எல் அல்லது ஏ/பி, பிறகு அப்பா பெயர். பேரன் பிறந்ததும் தாத்தாவின் பெயர் அந்த வரியிலிருந்து கழன்றுவிடும். புதுச்சேரித் தமிழர் சிலருக்கோ தாத்தாவின் தாத்தா வைத்துக்கொண்ட பெயரே இன்றும் ஒட்டிக்கொண்டிருக்கிறது, அதுவும் பிரெஞ்சுப் பெயராக. எப்படி?

தயிர் உறைவதுபோலத்தான். நேற்றைய தயிரில் ஒரு கரண்டி எடுத்து இன்றைய பாலில் விடுகிறோம். இன்றையது நாளைக்கு உறை. பால் தினமும் புதிது, உறை மட்டும் பழையது. குடும்பப்பெயர் அந்த உறை. நம் ஏ/எல் முறையில் அது கிடையாது.

புதுச்சேரியில் முதல் கரண்டியை ஊற்றியது 1881 செப்டம்பர் 21 தேதியிட்ட ஆணை. பிரெஞ்சிந்தியாவில் எவரும் தம் சாதி, மத வழக்கச் சட்டங்களைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்தின்கீழ் வரலாம் என்றது அது. துறப்பவர் ஒரு குடும்பப்பெயரைத் தேர்ந்து பதிய வேண்டும். பதிந்தபின் மீட்சியில்லை, உறைந்த தயிர் பாலாகுமா? இவர்களை 'ரெனோன்சான்' என்றார்கள். கிறிஸ்தவர்களும் ஒடுக்கப்பட்ட சாதியினரும் இவர்களில் அதிகம். சிலர் தமிழ்ப் பெயரையே பிரெஞ்சு எழுத்துக்கூட்டலில் பதிந்தார்கள், சிலர் பிரெஞ்சுப் பெயரையே எடுத்துக்கொண்டார்கள்.

இவர்களில் என் மனத்தை அள்ளுபவர் வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை. 1873இல் காலணி அணிந்து நீதிமன்றத்துக்குப் போனார். ஐரோப்பியருக்கு உரிய அந்த உரிமை இந்தியருக்கு இல்லை என்று நீதிபதி தடுத்தார். அவர் விடவில்லை. பாரீஸின் உச்ச நீதிமன்றம்வரை வழக்கைக் கொண்டுபோய் வென்றார். 1881க்குப் பிறகு அவர் பொன்னுத்தம்பி லாபோர்த். செருப்புக்காக அவ்வளவு தூரம் போராடியவர் பெயரைச் சும்மா மாற்றியிருப்பாரா? சாதியைச் சொல்லும் 'பிள்ளை'யை அவர் கழற்றிவிட்டதை நான் பெரிய செயலாகவே மதிக்கிறேன்.

பிரான்சில் லாபோர்த் சாதாரணப் பெயர்தான். தமிழரிடையே அரிது, காரணம் எளிது: ஊர் முழுக்க ஊற்றிய உறையல்ல, அவரவர் வீட்டுச் சட்டியில் தொடங்கியது. மகன்கள் வழியாக மட்டுமே பெயர் போன காலத்தில், ஒரு தலைமுறையில் மகன் இல்லையென்றால் அது அந்தக் கிளையில் நின்றுவிடும். ஒருநாள் தயிர் முழுவதையும் வழித்துச் சாப்பிட்டால் மறுநாள் உறை இல்லை. பக்கத்து வீட்டில் கடன் கேட்கவும் பெயருக்கு வழியில்லை. குடும்பப்பெயர்கள் இப்படி அழிவதைக் கணக்காகவே போட்டார்கள்: இங்கிலாந்தில் பிரான்சிஸ் கால்டன் 1873இல் கேள்வியை எழுப்பினார், ஹென்றி வாட்சன் கணித்துப் பார்த்தார். பிரான்சில் 2005 ஜனவரி 1 முதல் பிள்ளைக்குத் தாயின் குடும்பப்பெயரையும் வைக்கலாம். ஆகவே மகள் கையிலும் இப்போது கரண்டி உண்டு.

ஜொகூரில் இருந்தாலும் உங்கள் குடும்பத்தில் புதுச்சேரி, காரைக்கால் வேர் இருந்தால் தேடிப் பாருங்கள். அந்தக் காலத்துப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவேடுகளில் பல, பிரான்சின் எக்ஸ்-ஆன்-ப்ரோவான்ஸ் நகரிலுள்ள கடல்கடந்த பகுதிகளுக்கான ஆவணக் காப்பகத்தின் இணையதளத்தில் படமாகக் கிடைக்கின்றன. பிரெஞ்சுப் பெயரில் கிடைக்காவிட்டால் பழைய தமிழ்ப் பெயரிலும் தேடுங்கள்.