அந்த ஸ்பூனை அவர் கையில் கொடுங்கள்!

பக்கவாதம் வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தவரை டிஸ்சார்ஜ் செய்யும்போது ஒரு சீட்டு தருவார்கள். மாத்திரைகளுக்கெல்லாம் கீழே கடைசி வரியாக, ‘பிசியோதெரபி தொடரவும்’ என்று எழுதியிருக்கும். அந்த ஒரு வரிக்குள் எத்தனை மாத வேலை ஒளிந்திருக்கிறது என்பது, வீட்டுக்கு வந்து கட்டிலில் படுக்க வைத்த பிறகுதான் குடும்பத்துக்குப் புரியும்!

முதல் வாரம் சொந்தக்காரர்கள் ஹார்லிக்ஸும் ஆப்பிளுமாக வந்து குவிவார்கள். ‘‘எங்க பெரியப்பாவுக்கும் இப்படித்தான் ஆச்சு... ஒரு எண்ணெய் தடவினோம், எழுந்து நடந்துட்டார்!’’ என்று ஆளுக்கொரு வைத்தியம். மனைவி சாதம் பிசைந்து ஊட்டுவார். மகன் சட்டை மாட்டிவிடுவான். டம்ளரை நோக்கி அவர் கை நகர்வதற்குள் மருமகள் ஓடிவந்து எடுத்துக் கொடுத்துவிடுவாள். எல்லாம் பாசம்தான், சந்தேகமே இல்லை. ஆனால், அவர் எழுந்து நடமாடுவதற்குக் குறுக்கே நிற்பதும் பல வீடுகளில் இந்தப் பாசம்தான்.

ஏன் என்கிறீர்களா? மூளையில் ரத்தம் கிடைக்காமல் செத்துப்போன செல்கள் திரும்ப உயிர் பெறுவதில்லை. ஆனால், பிழைத்திருக்கும் மற்ற பகுதிகள் அந்த வேலையில் ஓரளவைக் கற்றுக்கொள்ளக்கூடியவை. எப்படிக் கற்கும்? செய்து செய்துதான்! எண்ணெய் தேய்ப்பது இதமாக இருக்கும். அடுத்தவர் கை காலை மடக்கி நீட்டிவிட்டால் மூட்டு இறுகாமல் இருக்கும். அவ்வளவுதான். சட்டைப் பட்டனோடு அவரே கால் மணி நேரம் போராடும்போதுதான் மூளை பாடம் படிக்கிறது. இந்தப் படிப்பு முதல் மூன்று மாதங்களில் வேகமாக நடக்கும். அதற்குப் பிறகும் முன்னேற்றம் உண்டு, வேகம்தான் குறையும். அந்த மூன்று மாதத்தில் பாதி, யார் சொல்லும் வைத்தியம் கேட்பது என்ற குழப்பத்திலேயே போய்விடுகிறது என்பதுதான் வேதனை.

இந்தப் பயிற்சிக்காகவே பெட்டில் தங்கி சிகிச்சை பெறும் மறுவாழ்வு மையங்கள் இருப்பது நிறையப் பேருக்குத் தெரியாது. நம் நாட்டில் அதற்கு வழிகாட்டிய இடம், வேலூர் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சேர்ந்த பாகாயம் மறுவாழ்வு மையம். 1966-ல் திறக்கப்பட்டது. அதை உருவாக்கிய டாக்டர் மேரி வர்கீஸே ஒரு நோயாளிதான்! அங்கே இளம் டாக்டராக இருந்தபோது, 1954-ல் ஒரு கார் விபத்தில் முதுகுத் தண்டு பாதிக்கப்பட்டு, இரண்டு கால்களும் செயலிழந்தன. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு ஆபரேஷன் செய்தார். பிறகு அமெரிக்கா போய் மறுவாழ்வு மருத்துவம் படித்துத் திரும்பி வந்து, தன்னைப் போன்றவர்களுக்காக இந்த மையத்தை அமைத்தார். 1972-ல் பத்மஸ்ரீ விருது பெற்றார். 1986-ல் மறைந்தார்.

இம்மாதிரி மையங்களில் சாதாரண வார்டைப் போல நாளெல்லாம் படுத்திருக்க முடியாது. காலையிலேயே எழுப்பிவிடுவார்கள். பாயில் புரண்டு படுப்பதும், பிடிமானம் இல்லாமல் உட்காருவதும் முதல் பாடங்கள். பிறகு இரண்டு கம்பிகளுக்கு நடுவே நிற்பது, நடப்பது. இன்னொரு பக்கம் ஆக்குபேஷனல் தெரபி: குளிக்க, உடுத்த, சாப்பிடப் பழக்குவது. பேச்சு குழறுபவர்களுக்கு ஸ்பீச் தெரபி. முதல் சில நாட்கள், ‘‘என்னை ஏன் இப்படிப் பாடாய்ப் படுத்தறீங்க? வீட்டுக்குக் கூட்டிட்டுப் போங்க!’’ என்று கோபம் வரும், அழுகை வரும். பக்கவாதத்துக்குப் பிறகு மனச்சோர்வு வருவது ரொம்பச் சகஜம். அதைப் பிடிவாதம் என்று நினைத்துவிடாமல் டாக்டரிடம் சொல்லுங்கள். அதற்கும் சிகிச்சை இருக்கிறது.

கூடத் தங்கும் உறவினருக்கும் அங்கே பாடம் உண்டு! (காரிடாரில் உட்கார்ந்து பேப்பர் படிக்கலாம் என்று போகிறவர்களுக்கு ஏமாற்றம்தான்.) தூக்கும்போது வலுவிழந்த கையைப் பிடித்து இழுக்கவே கூடாது, தோள் மூட்டு நழுவிவிடும். தானாகப் புரள முடியாதவரை சுமார் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்கவைத்து, பின்புறமும் குதிகாலும் சிவந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். படுக்கைப் புண் ஆரம்பிப்பது அங்கேதான். படுத்த நிலையில் எதையும் ஊட்டக் கூடாது. விழுங்கும் தசைகள் பலவீனமாக இருந்தால், கஞ்சியும் தண்ணீரும் நுரையீரலுக்குள் போய் நிமோனியா வரலாம். இதையெல்லாம் கேட்டால் மட்டும் போதாது, தெரபிஸ்ட் முன்னால் நீங்களே செய்து காட்டிப் பழக வேண்டும். ஒரே ஆளாக மனைவி மட்டும் பழகினால், இரண்டே மாதத்தில் அவருக்கு இடுப்பு வலி வந்துவிடும். மகனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.

செலவு? தனியார் மையங்களில் வாரக் கணக்கில் தங்குவது எல்லோருக்கும் கட்டுப்படியாகாது என்பது உண்மைதான். சென்னை கே.கே. நகரில் அரசு மறுவாழ்வு மருத்துவமனை இருக்கிறது. முதுகுத் தண்டு அடிபட்டவர்களுக்கு தென்காசி பக்கம் ஆய்க்குடியில் அமர் சேவா சங்கத்தின் மையம் உண்டு. 1975-ல் கடற்படைத் தேர்வின்போது விழுந்து கழுத்துக்குக் கீழ் செயலிழந்த எஸ். ராமகிருஷ்ணன், 1981-ல் தொடங்கிய அமைப்பு அது. வீட்டைவிட்டு வர முடியாதவர்களுக்கு, தமிழக அரசு 2021-ல் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி தரும் வசதி சேர்க்கப்பட்டது. பக்கத்து ஆரம்ப சுகாதார நிலையத்தில் விசாரியுங்கள்.

சேர்ப்பதற்கு முன் டாக்டரிடம் கேட்க வேண்டியது, ‘‘நடந்துடுவாரா?’’ என்பதை மட்டுமல்ல. எத்தனை வாரம் தங்க வேண்டும், போகும்போது அவர் தானாக எதையெல்லாம் செய்வார், எதற்கு ஆள் வேண்டியிருக்கும் என்று கேளுங்கள். அவர் வீடு திரும்பும் முன், இஞ்ச் டேப்பை எடுத்து பாத்ரூம் கதவின் அகலத்தை அளந்து வையுங்கள். பல வீடுகளில் எல்லா அறைக்கும் போகும் வீல்சேர் அந்த ஒரு கதவில்தான் முட்டிக்கொண்டு நிற்கும். உள்ளே வெஸ்டர்ன் டாய்லெட் இருக்கிறதா, எழுந்து நிற்கச் சுவரில் கைப்பிடிக் கம்பி எங்கே அடிக்கலாம் என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். கம்பி அவருடைய பலமுள்ள கையின் பக்கம் வரவேண்டும்.