சோற்றோடு ஒரு கொய்யா

நோயாளியைப் பார்க்கப் போகிறவர்கள் ஆப்பிளும் ஆரஞ்சும் வாங்கிக்கொண்டு போவது நம்மிடையே ஒரு சம்பிரதாயமாகவே ஆகிவிட்டது. கொய்யா வாங்கிப் போகிறவர் அபூர்வம். தள்ளுவண்டியில் கூவி விற்கப்படுவதாலும், வேலியோரத்தில் தானே முளைத்துக் காய்ப்பதாலும், விலை மலிவாக இருப்பதாலும் அந்தப் பழத்துக்குக் கௌரவம் குறைந்துபோயிற்று. போதாததற்கு, தின்றால் சளி பிடிக்கும் என்ற அபவாதம் வேறு. சளியை உண்டாக்குவது கிருமியேயன்றிக் கொய்யா அன்று.

100 கிராம் ஆப்பிளில் உள்ள வைட்டமின் சி ஏறக்குறைய 5 மில்லிகிராம். ஆரஞ்சில் 50 மில்லிகிராம் அளவுக்கு உண்டு. கொய்யாவிலோ 200 மில்லிகிராமுக்கும் மேல். ஆணுக்கு நாளொன்றுக்கு 80, பெண்ணுக்கு 65 மில்லிகிராம் வேண்டும் என்பது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கணக்கு. நடுத்தரமான ஒரு பழத்தில் பாதியைத் தின்றாலே அது பூர்த்தியாகிவிடும். நமக்கு எளிதாகக் கிடைக்கும் கனிகளில் இதை விஞ்சுவது நெல்லி ஒன்றே. ஆனால் குழந்தைகள் நெல்லியைக் கண்டால் முகம் சுளிக்கிறார்கள், கொய்யாவைக் கண்டால் மரமேறுகிறார்கள்.

வெப்ப மண்டல அமெரிக்காவில் பிறந்து, கடல் கடந்து வந்த ஐரோப்பியர் வழியாக இந்நாட்டில் குடியேறிய இந்த மரம், நம் நாவலுக்கும் கிராம்புக்கும் ஒரே தாவரக் குடும்பத்து உறவு. ஆடும் மாடும் தமக்கு வேண்டிய வைட்டமின் சியைத் தம் கல்லீரலிலேயே தயாரித்துக்கொள்ளுகின்றன. மனிதனுக்கு அந்தச் சக்தி இல்லாமையால் அவன் ஆகாரத்தையே நம்பியிருக்க வேண்டியவனாகிறான். 1747-ஆம் ஆண்டில் ஜேம்ஸ் லிண்ட் என்னும் கப்பல் வைத்தியர், பல்லீறு வீங்கி இரத்தம் கசிந்து வருந்திய மாலுமிகளுக்கு ஆரஞ்சும் எலுமிச்சையும் கொடுத்துக் குணப்படுத்தினார். எனினும் அந்தக் குணத்துக்குக் காரணமான வஸ்து இன்னதென்று விளங்குவதற்கு, ஹங்கேரிய விஞ்ஞானி ஆல்பர்ட் சென்ட் ஜார்ஜி 1937-இல் நோபல் பரிசு பெற்ற அந்தத் தலைமுறை வரையில் உலகம் காத்திருக்க நேர்ந்தது. தோலையும் ஈற்றையும் இரத்தக் குழாய்களையும் இறுகப் பிடித்து நிற்கும் கொலாஜன் என்னும் புரதம் உறுதிப்பட இந்த ஜீவசத்து இன்றியமையாதது. புண் ஆறுவதும் இதைப் பொறுத்ததே.

இவையெல்லாம் பள்ளிப் பாடங்களிலேயே உள்ளவை. நான் அழுத்திச் சொல்ல விரும்புவது வேறொன்று. 2019–21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் பாதிக்கு மேற்பட்டவர்கள் இரத்த சோகை உள்ளவர்கள். அவர்களில் பலர் கீரையும் கேழ்வரகும் பருப்பும் உண்ணாதவர்கள் அல்லர். தானியத்திலும் கீரையிலும் உள்ள இரும்பைச் சரீரம் எளிதில் கிரகிப்பதில்லை என்பதுதான் துன்பம். தானியத்தில் உள்ள ஃபைட்டிக் அமிலம் அந்த இரும்பைப் பற்றிக்கொண்டு விடமாட்டேன் என்கிறது. சாப்பிட்டவுடன் குடிக்கிற தேநீரோ மிஞ்சியதையும் தடுத்துவிடுகிறது. அதே உணவோடு வைட்டமின் சி சேரும்போது, அது இரும்பைக் குடல் ஏற்கும் வடிவத்துக்கு மாற்றி, கரைந்த நிலையிலேயே இருக்கச் செய்கிறது. ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தார் வளரிளம் பருவத்தினரிடையே நடத்திய ஆய்வொன்றில், அரிசிச் சாப்பாட்டோடு கொய்யாவும் சேர்ந்தபோது இரும்பை உடல் ஏற்கும் அளவு உயர்ந்ததைக் கண்டார்கள். மாலையில் பொழுதுபோக்காகத் தின்னும் கொய்யாவைவிட, மத்தியானச் சோற்றோடு தின்னும் கொய்யா அதிகப் பிரயோஜனம் உடையது என்பது இதனால் விளங்கும். மருத்துவர் தரும் இரும்பு மாத்திரைக்கு இது மாற்றன்று. உணவில் ஏற்கெனவே உள்ள இரும்பு வீணாகாதபடி காக்கும் துணை.

தோலைச் சீவி எறிவது பெருநஷ்டம். ஏனெனில் சத்து மிகுந்திருப்பது தோலிலும் அதையொட்டிய சதையிலுமே. செங்காய்ப் பருவத்தில், கழுவி, அப்படியே கடித்துத் தின்பது உத்தமம். நறுக்கி வைத்து நேரம் கழித்துத் தின்றாலும், வேகவைத்துப் பாகாக்கினாலும் சத்து குறையும். உப்பும் மிளகாய்த்தூளும் ருசிக்காகத்தான்; இரத்த அழுத்தம் உள்ளவர்கள் உப்பை விட்டுவிடலாம். நார்ச்சத்து நிறைந்ததாகையால் மலச்சிக்கலுக்கும் நல்லது. இதில் பொட்டாசியம் அதிகமாதலால் சிறுநீரக நோயாளிகள் மட்டும் மருத்துவரைக் கேட்டே உண்ண வேண்டும். அணில் கடித்த பழமே இனிக்கும் என்று பொறுக்கித் தின்னும் வழக்கமும் உண்டு. வௌவாலும் கடித்திருக்கக்கூடும் என்பதையும், நிப்பா போன்ற நோய் பழந்தின்னி வௌவால்கள் வழியே பரவுவதையும் நினைத்து, கடிபட்ட பழத்தை எவ்வளவு இனித்தாலும் தவிர்த்துவிட வேண்டும்.

பழனிக்கு அருகே ஆயக்குடிப் பக்கம் சென்றவர்களுக்கு, கொய்யா ஓர் ஊரின் ஜீவனமாகவே இருப்பது தெரியும். லக்னோ 49 என்னும் ரகத்தை நம் தோட்டக்காரர்கள் நன்கறிவார்கள். பெயரில் லக்னோ இருந்தாலும் அது தேர்ந்தெடுக்கப்பட்டது புனேயில். பதியன் போட்ட கன்று இரண்டு மூன்று ஆண்டுகளிலேயே காய்க்கத் தொடங்கும். பெரிய பராமரிப்பையும் கேட்பதில்லை. மத்தியான உணவை நாட்டுக்கு வழிகாட்டும் திட்டமாக நடத்திவரும் நம் மாநிலத்தில், பள்ளிக்கூடங்கள்தோறும் பிள்ளைகள் கைகழுவும் நீர் பாயும் இடத்தில் நாலைந்து கொய்யாக் கன்றுகளை நட்டு, காய்க்கும் காலத்தில் சாம்பார்ச் சோற்றோடு ஆளுக்குப் பாதிப் பழம் கொடுப்பதற்குப் பெருஞ்செலவு எதுவும் ஆகாது. நடுகிற கன்று விதைக்கன்றாக இல்லாமல் பதியனாக இருக்கட்டும். இன்று ஆறாம் வகுப்பில் இருக்கிற பெண், பள்ளியை விட்டுப் போவதற்குள் அதன் பழத்தைத் தின்றுவிடுவாள்.